கடல் காணும்

செத்துப்போனவன் கடை வாசலில் வந்து நின்று, "ஒரு சோடா வாங்கிக் குடு சகலை" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் கையிலிருந்த பட்டுச்சேலையைக் கீழே போட்டேன். அது அவன் மனைவியின் நிக்காஹுக்காக எடுத்து வைத்த சேலை. மாப்பிள்ளை அவன் இல்லை.

கடலூர் முதுநகரில், நாங்கள் ஓ.டி. என்று சொல்கிற பழைய டவுனில், எனக்குக் கைலிக் கடை. என் பெயர் ரஃபியுதீன். வாசலில் நின்றவன் அப்துல் வதூது. என் மனைவி அஜீசுன்னிசாவின் தங்கை மெகருன்னிசாவைக் கட்டியவன். அறுபத்தைந்தாம் வருஷத்து நோன்பு மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, உடல் இல்லாமலே அவனுக்கு ஜனாஸா தொழுகை நடத்தினோம். முன் வரிசையில் நின்று நான் தொழுதேன். அவன் பெயரைச் சொல்லி ஏழைகளுக்குச் சோறு போட்டோம். அப்படியெல்லாம் முறையாக வழியனுப்பி வைத்த ஆள், ஆறு மாதம் கழித்து, சிலோன் சாரமும் கிழிந்த சட்டையுமாக வெயிலில் வேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். கலிமா சொல்ல வாயெடுத்தால் பாதிதான் வந்தது.

அந்த அதிர்ச்சி எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. அவன் என்னவோ ரயிலடிக்கு எதிரே சோற்றுக்கடை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். நான்தான் இன்னும் அவனை எதிரில் பார்த்தால் ஒரு நொடி திடுக்கிடுகிறேன்.

வதூதுக்கு வேறு தொழில் தெரியாது. மீசை முளைக்கும் முன்பே தோணியில் ஏறிவிட்டான். பாய்மரம் ஏற்ற அல்ல, சோறாக்க. தோணியில் சமைப்பவனைப் பண்டாரி என்பார்கள். முதுநகரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போய்வருகிற தோணிகளில் அவன் வைக்கிற மீன் குழம்புக்காகவே, நாங்கள் ஆணம் என்போம், வேலைக்குச் சேர்ந்த ஆட்கள் உண்டு. ஆனால் இத்தனை வருஷம் கடலில் கிடந்தவனுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அல்லாஹ்வைக் கூப்பிடுவான். கேட்டால், "சோறாக்குறவனுக்கு எதுக்கு நீச்சல், ஒல தண்ணியிலயா வுழப் போறேன்?" என்பான்.

இன்னொரு குணமும் அவனுக்கு உண்டு. யார் தட்டில் சோறு போட்டாலும் அவர்கள் கெஞ்சுகிற வரைக்கும் நிறுத்த மாட்டான். கையை வைத்து மறைத்தால் கைமேலேயே கொட்டுவான். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது நான் காலையிலேயே பட்டினி போட்டுக்கொள்வேன்.

எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் தெருவில் அது ஒரு குறையும் இல்லை. தபால்காரர் கார்டோடு நுழைந்தாலே எங்கள் பெண்கள் பிரித்துப் படிப்பதற்கு முன் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். அதனால் கடலுக்குப் போன ஆண்கள் கடிதம் போடுவதில்லை. ஊருக்கு வருகிற தோணிக்காரனிடம் வாயால் சொல்லி அனுப்புவார்கள். தலைமுறை தலைமுறையாக நல்லதும் கெட்டதும் எங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு தடவையும் தப்பாக வந்ததில்லை.

அறுபத்துநாலாம் வருஷம் சித்திரை மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். எதிரே ஆடு வந்தாலும் பொஞ்சூர் என்று வணக்கம் சொல்லுவார். அதனால் பொஞ்சூர் துரை என்றே பெயராகிவிட்டது. சொந்தமாக இரண்டு பாய்மரம் வைத்த படகு வைத்திருந்தார். அதில் சிலோனை ஒரு சுற்றுச் சுற்றி, கரையோரத்தில் இருக்கிற பழங்காலத்து இடிபாடுகளையெல்லாம் பார்க்க வேண்டுமாம். கூடவே சிதம்பரத்திலிருந்து ஞானசேகரன் என்ற வாத்தியார், ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர், கல்வெட்டுப் படிக்கப் போகிறார். சமைக்க ஒரு பண்டாரி தேவை.

எனக்கு அதுவே முதல் அதிர்ச்சி. திருவதிகையில் கோயில் முழுசாக நிற்கிறது. பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதை விட்டுவிட்டு, இடிந்து விழுந்ததைப் பார்க்கக் கடலேறிப் போகிறானே ஒரு மனிதன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். வதூதுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சம்பளம் நன்றாக இருந்ததால் இடிந்த சுவர்மேல் அவனுக்கும் மரியாதை வந்துவிட்டது.

மெகருன்னிசாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். போனால் வருஷக் கடைசிதான். நோன்பு பிறப்பதற்கு முன் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். அவள் வாசல்வரைகூட வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவன் திரும்பி வந்து சொன்னது. பருத்தித்துறையில் வழிகாட்ட ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டார்கள். வல்வெட்டித்துறைக்காரர், சிலோன் கரையில் பாறை எது மணல்திட்டு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். வதூது அவரை வல்வெட்டித்துறையார் என்றே கூப்பிட்டான். முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டில் அவருக்குச் சோறு போட்டான். இரண்டாவது கரண்டி விழுந்ததும் அவர் கையைக் காட்டி, "காணும், காணும்" என்றார்.

எங்கள் ஊரில் காணோம் என்பதைத்தான் காணும் என்போம். இவன் கரண்டியை வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் தேடினான். உப்புக் கிண்ணம் இருந்தது. ஊறுகாய் இருந்தது. தண்ணீர்ச் செம்பும் இருந்தது. எதைக் காணும் என்று கேட்டான். சோறு காணும் என்றார் அவர். தட்டில் மலையாகச் சோறு இருக்கிறது, காணும் என்கிறாரே, இந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை, இவரை நம்பியா படகை ஓட்டப் போகிறோம் என்று இவனுக்குப் பயம் வந்துவிட்டது. மேலும் ஒரு கரண்டி போட்டான். அவர் கத்தினார். இவனும் கத்தினான். கடைசியில் ஞானசேகரன்தான் சிரித்துக்கொண்டு சொன்னார், யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும் என்று அர்த்தமாம்.

படகு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போயிற்று. திரியாய் என்ற இடத்தில் கரையிறங்கி, காட்டு வழியில் ஒரு குன்று ஏறினார்கள். உச்சியில் வட்டம் வட்டமாகக் கல்தூண்கள். கூரை இல்லை, ஆள் இல்லை, குரங்குதான் இருந்தது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாராம். வாத்தியார் பாறையில் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வதூது கீழே பார்த்தான், மேலே பார்த்தான். இவ்வளவு கல்லையும் இந்த உச்சிக்குத் தூக்கி வந்தவர்களுக்கு யார் சோறாக்கிப் போட்டது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, அடுப்பு எங்கே என்று தேடினான். அடுப்பு இருந்த அடையாளமே இல்லை. அது அவனை உலுக்கிவிட்டது.

திருகோணமலையில் அதைவிட மோசம். செங்குத்தான பாறைக்குக் கீழே கடல் தெளிந்திருந்த ஒரு நாள், படகிலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் கோயில் தூண்கள் படுத்துக் கிடந்தன. எந்தக் காலத்திலோ பறங்கிப் பட்டாளம் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலாம். மீன்கள் தூணுக்குள் புகுந்து வந்தன. நீச்சல் தெரியாத பண்டாரி அன்றைக்கு முதன்முதலாகத் தன் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். அன்று முழுக்க அவன் படகின் விளிம்புப் பக்கம் போகவில்லை. சோறும் குழைந்துவிட்டது.

தெற்கே திரும்பி, மேற்கே ஏறி, கொழும்புக்கு வந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. போகிற இடமெல்லாம் ஏதாவது ஒரு பாழடைந்த கோட்டை, புதையுண்ட துறைமுகம், தலையில்லாத சிலை. வாத்தியாருக்கு வாந்தி நிற்கவில்லை. கொழும்பிலேயே இறங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். மற்ற மூன்று பேரும் மன்னார்ப் பக்கம் போனார்கள். மார்கழியில் தலைமன்னாரில் படகைச் சில நாள் கட்டிப்போட்டுவிட்டு, அங்கிருந்து பாக் நீரிணையைக் கடந்து ஊருக்கு வருவதாக ஏற்பாடு.

மார்கழியில் புயல் வந்தது. தனுஷ்கோடி போன புயல். ரயிலோடு ஜனங்கள் போன புயல். அந்தப் பேப்பரை எங்கள் தெருவில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைமன்னார், தனுஷ்கோடிக்கு நேர் எதிர்க்கரை.

நோன்பு பிறந்தது. வதூது வரவில்லை. சேதியும் இல்லை. நோன்பு பாதி போன பிறகு ஒரு நாள், சரக்குப் படகு ஓட்டுகிற ராஜமாணிக்கம் துறைமுகத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. புதுச்சேரிக்குப் போகிற யாழ்ப்பாணத் தோணி ஒன்று நங்கூரம்கூடப் போடாமல் கடலூரைத் தாண்டிப் போயிற்றாம். அதிலிருந்த ஒருவர் இவர் படகைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டு, சேதி சொன்னாராம். காற்று எதிர்க்காற்று. ஆனாலும் காதில் விழுந்ததை அப்படியே சொல்கிறேன் என்று தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பண்டாரி வதூது பாய கடல்ல காணுமாம். இனிமே தோணிய பாத்துக்கினு இருக்க வாணாமாம். வூட்ல சொல்லிடச் சொன்னாரு."

இதற்குமேல் என்ன கேட்பது? கடல்காரன் கடல்காரனுக்குச் சொன்ன சேதி. நான் கடையைப் பூட்டினேன்.

அப்படியும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே சிதம்பரம் போய், கீழ வீதிப் பக்கம் ஞானசேகரன் வீட்டைத் தேடிப் பிடித்தேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவரும் பேப்பரைப் பார்த்துவிட்டு நாள்தோறும் பயந்துகொண்டிருந்தாராம். புயலடித்த அன்றைக்குப் படகு தலைமன்னாரில்தான் நின்றிருக்கும் என்றார். துரை கரையில் எங்காவது விடுதியில் தங்குவார். வதூது? "அவரு படகுலதாங்க படுப்பாரு. அடுப்ப விட்டுட்டு ஒரு நாளும் வர மாட்டாரு" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிரெஞ்சுக்காரர் இருக்கிற இடமும் தெரியவில்லை. அதுவரை ஒரு நூலிழை நம்பிக்கை வைத்திருந்தேன். அதையும் சிதம்பரத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். தீர விசாரித்துவிட்டு, மய்யித்து என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார். மெகருன்னிசா வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வேற்று ஆண் முகம் பார்க்காமல் ஓர் அறைக்குள். அவள் அம்மா ஆசியா உம்மாள் சோற்றைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளிவிட்டு, வெளியே வந்து அழுவார். சின்னப் பெண் மட்டும், அத்தா எந்தத் தோணியில் வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இத்தா முடிந்தது. லால்பேட்டை அப்துல் ஹக் பெண் கேட்டார். பினாங்கில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு பெண்களையும் தன் பெண்களாக வைத்துக்கொள்வேன் என்றார். பேசி முடித்தது நான்தான். இன்றைக்கு யார் கேட்டாலும் செய்தது சரி என்றுதான் சொல்வேன். கல்யாணம் வைக்காத முஹர்ரமும் சஃபரும் போகட்டும் என்று தள்ளி, நபிகள் பிறந்த மௌலூது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். அந்த வாரத்துத் திங்கட்கிழமைதான் மாப்பிள்ளையின் பழைய பதிப்பு வந்து சோடா கேட்டது.

கோலி சோடா ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். ஆவிக்கு இவ்வளவு தாகம் இருக்காது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. பிடித்த கையை விடாமலே கேட்டேன். அவன் சொன்னான்.

புயலுக்கு முதல் நாள், துரை அவனைப் படகில் இருக்க விடவில்லையாம். அனுராதபுரத்தில் ஒரு கல்தோணி இருக்கிறது, பண்டாரி அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ரயிலில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். வல்வெட்டித்துறையார் மன்னாரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அனுராதபுரத்தில், இடிந்துபோன ஓர் அன்னசாலைக்குள், கல்லால் செய்த நீளமான தொட்டி. பார்க்க அசல் தோணி. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான சாமியார்களுக்கு அதில்தான் சோற்றைக் கொட்டி வைப்பார்களாம். வதூது அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கட்டின ராஜா பெயரைத் துரை சொன்னார். ஆக்கினவன் பெயரைக் கேட்டான். அது யாருக்கும் தெரியவில்லை.

"இத்தினி பேருக்குச் சோறு போட்ட எடத்துல ஒரு பருக்க இல்ல சகலை. மழத் தண்ணியும் எலையும்தான் கெடக்குது." என்றான்.

அன்றைக்கே காற்று திரும்பிவிட்டது. மழை ஓய்ந்து, லாரியும் நடையுமாகத் தலைமன்னாருக்கு வந்து பார்த்தால், படகு கட்டியிருந்த இடத்தில் வெறும் கடல். கப்பல்துறைப் பாலம் முறிந்து கிடந்தது. கரையில் மாடுகளும் மனிதர்களும் ஒன்றாகக் கிடந்தார்கள். ஒரு பனைமரத்தடியில், அவன் எட்டு மாதம் சோறாக்கிய தேக்சா கவிழ்ந்து கிடந்தது. அதைத் திருப்பிப் பார்த்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கடல்மேல் இருந்த பாசமெல்லாம் அந்த இடத்திலேயே அற்றுப்போனது.

துரை கொழும்புக்குப் போய் விமானம் ஏறிவிட்டார். இவனுக்கும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். வானத்தில் போவதற்கு இவன் ஒப்புக்கொள்ளவில்லை. கடலிலும் போக மாட்டான். தீவில் நின்றுகொண்டு கடல் வேண்டாம் என்றால் எப்படி ஊருக்கு வருவது? தலைமன்னாரிலிருந்து அக்கரைக்கு ரயில் ஜனங்களை ஏற்றிப்போகிற ரயில் கப்பல் திரும்ப ஓடட்டும், அது பெரிசு, பயமில்லை, அதில் போய்விடலாம் என்று பருத்தித்துறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கப்பல் ஓடுமா என்று விசாரிப்பதற்குக்கூட அவன் துறைப் பக்கம் போகவில்லை. அதை அவனே சொன்னான்.

"ஊட்டுக்குத்தான் வெவரமா சொல்லி அனுப்புனேனே" என்றான். வல்வெட்டித்துறையார் புதுச்சேரித் தோணியில் ஏறும்போது அவரிடம் தெளிவாகச் சொன்னானாம். தனக்குக் கடல் வேண்டாம் என்று ஆகிவிட்டது, தோணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ரயில் கப்பல் ஓடினதும் அதில் வருகிறேன்.

போன வாரம் முதுநகர்த் தோணி ஒன்று பருத்தித்துறைக்குப் போயிருக்கிறது. அதிலிருந்த கொளஞ்சி, எங்கள் ஊரிலேயே வளர்ந்து ஆளானவன், சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து வதூது கையில் கரண்டியோடு நிற்பதைப் பார்த்ததும் இலையைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினானாம். துரத்திப் பிடித்துக் கேட்டபோதுதான் இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தான் செத்தது, தொழுதது, இத்தா, வெள்ளிக்கிழமை நிக்காஹ். கரண்டியை அங்கேயே போட்டுவிட்டு அதே தோணியில் ஏறினான்.

கேட்டு முடித்ததும் முதல் வேலையாக, அப்துல் ஹக்கிடம் விஷயத்தைச் சொல்ல லால்பேட்டைக்கு ஆள் அனுப்பினேன். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கடைத்தெருவில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. வீட்டுக்குள் ஆசியா உம்மாள் மருமகனைப் பார்த்து, ஒரு சத்தமும் இல்லாமல் சுவரோடு சரிந்தார். சின்னப் பெண் மட்டும், எந்தத் தோணி என்று கேட்டாள்.

மெகருன்னிசா அடுப்படி வாசலில் நின்றாள். கையில் மருதாணிச் சிவப்பு. அவள் அழுவாள், அல்லது மயங்கி விழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வை அவள் கையில் இருந்தது.

"நீ சம்மதிச்சியா?" என்று கேட்டான்.

"சம்மதிச்சேன்" என்றாள். "ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கேன். கடல்ல காணும்னு ஆன ஆளுக்கு எத்தினி காலம் சோறு எடுத்து வைக்கிறது?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வதூதுக்கு அடி அங்கேதான் விழுந்தது. ஆனால் கோபம் எங்கே பாயும்? எவன் கடலில் காணும் என்று சொன்னான், அவனைக் கூப்பிடு என்று குதித்தான். ராஜமாணிக்கம் வந்தார். உயிரோடு இருப்பவனைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். ஆனால் தன் சொல்லிலிருந்து மாறவில்லை. மாரியம்மன்மேல் ஆணை, அந்த ஆள் சொன்னதைத்தான் சொன்னேன், ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை என்றார். வதூது அவர் சட்டையைப் பிடித்தான். நான் நடுவில் போய் விழுந்தேன். ஓ.டி.யில் பாதி ஜனம் அதற்குள் வாசலில் கூடிவிட்டது. ஒருத்தர் வல்வெட்டித்துறையார்தான் பொய்யன் என்றார். இன்னொருத்தர் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்றார்.

அப்போது மெகருன்னிசா தட்டைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். சண்டையெல்லாம் சாப்பிட்ட பிறகு என்றாள். எங்கள் ஊரில் பசியோடு இருப்பவனை அடிப்பதும் இல்லை, அவனை அடிக்க விடுவதும் இல்லை. வதூது உட்கார்ந்தான். ராஜமாணிக்கத்தையும் உட்கார வைத்தோம். மீன் ஆணம், சூடான சோறு. ஒரு கரண்டி போட்டாள். ஆணத்தை ஊற்றினாள். இரண்டாவது கரண்டி போட்டாள். மூன்றாவது கரண்டி எடுத்தபோது வதூது பழக்கதோஷத்தில் உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே விரித்தான்.

"காணும்" என்றான்.

அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னத்த காணும்?"

"சோறு காணும்" என்றான் அவன். சொன்ன பிறகுதான் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் முகம் அந்த நிமிஷத்தில் வெளுத்ததைப்போல நான் மய்யித்துக்குக்கூடப் பார்த்ததில்லை. மெதுவாகச் சொன்னான். "அங்க போதும்னா காணும்னுவாங்க. படகுல எட்டு மாசம் தட்டுதட்டாக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கிச்சு. நான் அவருகிட்ட சொன்னதே அதான். கடல் எனக்குக் காணும்னு சொன்னேன்."

கடல் காணுமாம் என்று வல்வெட்டித்துறையார் ஒழுங்காகத்தான் கத்தியிருக்கிறார். ராஜமாணிக்கம் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் கடல் காணும் என்றால் கடல்ல காணும் என்றுதானே காதில் விழும்? ரயில் கப்பல் என்ற கடைசித் துண்டை மட்டும் எதிர்க்காற்று கொண்டுபோய்விட்டது. ஒரு பொய்யும் இல்லை, ஒரு பொய்யனும் இல்லை. சோற்றுக்குச் சொல்கிற ஒரு வார்த்தையால் ஒரு மனிதன் தன்னைத்தானே கொன்று, தன் பெண்டாட்டியை விதவையாக்கி, என்னை முன் வரிசையில் நிற்க வைத்து ஜனாஸா தொழ வைத்திருக்கிறான்.

முதலில் ராஜமாணிக்கம்தான் சிரித்தார். பயம் விட்டுப்போன சிரிப்பு. அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆசியா உம்மாள் சுவரோரத்தில் அழுதுகொண்டே சிரித்தார்.

மெகருன்னிசா சிரிக்கவில்லை. கரண்டியைச் சோற்றுப் பானையில் வைத்தாள். அவனுக்கு எதிரே, எல்லோர் முன்னாலும், பாயில் உட்கார்ந்தாள். அவள் குரலைக் கேட்டதும் வாசலில் சத்தம் நின்றுவிட்டது.

"புயலு மார்கழியில. இது ஆனி. ரயில் கப்பல் ஓடலன்னு உக்காந்திருந்தீங்க, சரி. கொளஞ்சி வரலன்னா இன்னும் எத்தினி மாசம் உக்காந்திருப்பீங்க? கடலு காணும்னு சொன்னீங்களே, அது கடலுக்கு மட்டும்தானா, எங்களுக்கும் சேத்தா?"

இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அதுவரை ஒரு வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த ஆறு மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரித்த கை இன்னும் தட்டுக்கு மேலேயே இருந்தது.

"எனக்குத் தண்ணின்னா பயம் மெகரு" என்றான். இத்தனை வருஷத்தில் அதை அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. "அடியில தூணு கெடக்குறதப் பாத்தேன். தேக்சா கவுந்து கெடக்குறதப் பாத்தேன். தோணியில கால வைக்க முடியல. ஆனா உனக்கு நிக்காஹ்னு கொளஞ்சி சொன்னான். அதே கடல்மேலதான் வந்தேன். வர்ற வழி பூரா கண்ணத் தொறக்கல."

அவள் எழுந்திருக்கவில்லை. அவள் சம்மதித்தது நிஜம், அப்துல் ஹக் நல்ல மனிதர் என்பதும் நிஜம்.

வதூது தட்டுக்கு மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றான்.

மெகருன்னிசா கரண்டியை எடுத்தாள். ஒன்று போட்டாள், இன்னொன்று போட்டாள். சோறு தட்டை விட்டு வழிந்து பாயில் விழுகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் காணும் என்று சொல்லவே இல்லை.